முதுகில் ஒரு சிட்டிகை மரத்தூள்

இன்று காலை ஆறரை மணிக்கு அத்தானிடமிருந்து போன் வந்தது. அந்த நேரத்தில் அவர் விழித்திருக்கிறார் என்பதே எனக்குச் சரியாகப் படவில்லை. அக்கா வேலைக்குக் கிளம்பிப் போய் வெகு நேரம் கழித்துத்தான் அவருக்குப் பொழுது விடியும்.

“மாப்ள, உங்க அக்கா எழுந்திருக்க மாட்டேங்கிறா” என்றார். பிறகு, “இன்னைக்குப் பாரு, அவளுக்கு முன்னாடி நான் முழிச்சிட்டேன்” என்றார்.

தூக்கத்திலேயே போயிருக்கிறாள். இதயம் நின்றுவிட்டது என்றார் வந்து பார்த்த மருத்துவர். அக்காவின் வேலை என்னவென்று தெரிந்தவர்களுக்கு இதில் ஒரு சிரிப்பு இருக்கிறது. அவள் இருந்திருந்தால் அவள்தான் முதலில் சிரித்திருப்பாள். இத்தனை வருடங்கள் அடுத்தவர் தூக்கத்துக்குக் காவல் இருந்தவள் அவள்.

அடுத்தவர் என்றால் தரை அணில்கள். மரம் ஏறுகிற அணில் இல்லை. மண்ணைத் தோண்டி வளையில் வாழும் கொழுகொழுவென்ற இனம். குளிர்காலம் வந்தால் பந்து போலச் சுருண்டுகொள்ளும். ஃபிரிட்ஜில் வைத்த தண்ணீர் பாட்டில் மாதிரி உடம்பு சில்லிட்டுவிடும். மூச்சு இருக்கிறதா என்று பார்ப்பதற்குள் நமக்கு மூச்சு முட்டும். மாதக்கணக்கில் சாப்பாடு கிடையாது. அப்படிக் கிடக்கும்போது உடம்புக்குள் எந்த மரபணுக்கள் வேலை செய்கின்றன, எவை ஓய்ந்து கிடக்கின்றன என்று ஆராயும் கூடம் ஒன்றில் அக்கா விலங்குக் காப்பாளர். குளிர் அறை முழுவதும் அவள் பொறுப்பு.

“தீனி போடணும், கூண்டு கழுவணும், பஞ்சு மாத்தணும். குளிர் வந்துட்டா அதுவும் இல்ல. சத்தம் போடாம இருக்கிறதுக்குச் சம்பளம்” என்பாள்.

விளையாட்டுக்குச் சொன்னதில்லை. கதவை அறைந்து சாத்தினால் போதும், அணில் விழித்துவிடும். விழித்த சில மணி நேரத்தில் உடம்பே வேறாகிவிடும். அதனால் அக்கா காலணிக்கு மேல் தடித்த காலுறை மாட்டிக்கொண்டு நடப்பாள். கூடத்தில் அவளுக்கு ‘பஞ்சுக்கால்’ என்று பெயர். அந்த நடை வீட்டுக்கும் வந்துவிட்டது. அத்தான் சமையலறையில் டம்ளரைக் கழுவிக்கொண்டிருக்கும்போது பின்னால் போய் நிற்பாள். டம்ளர் தரையில் கிடக்கும்.

“ஏம்மா, கழுத்துல ஒரு மணியாவது கட்டிக்கக் கூடாதா?” என்பார் அத்தான்.

கால்தான் பஞ்சு. மூக்கு அப்படியில்லை. அவள் தும்மினால் ஜன்னல் கண்ணாடி அதிரும். சின்ன வயதில் எங்கள் வீட்டுப் பூனை அந்தச் சத்தத்துக்குப் பயந்து பக்கத்து வீட்டோடு போய்ச் சேர்ந்துவிட்டது. குளிர் அறையில் தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடைபாதைக் கோடி வரை ஓடிப் போய்த் தும்மிவிட்டு வருவாளாம்.

அணில் நடுவில் விழிக்காமல்தான் கிடந்ததா என்று தெரிந்துகொள்ள அங்கே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். சுருண்டு கிடக்கும் அணிலின் முதுகில் ஒரு சிட்டிகை மரத்தூளைத் தூவிவிடுவார்கள். மறுநாள் மங்கலான சிவப்பு விளக்கில் பார்ப்பார்கள். தூள் அப்படியே இருந்தால் அசையவில்லை. உதிர்ந்திருந்தால் எழுந்திருக்கிறது. அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அத்தான் சோபாவில் ஒருக்களித்துப் படுத்திருந்தார்.

“இப்பதான் மாப்ள, ஒரு நடை போயிட்டு வந்து சாஞ்சேன்” என்றார்.

“அப்படியா? கொஞ்சம் முதுகைக் காட்டுங்க” என்றாள் அக்கா. ஸ்வெட்டர் முதுகில் அவள் காலையிலேயே தூவிவைத்த மரத்தூள் கலையாமல் இருந்தது. “தூள் அலுங்காம நடந்திருக்கீங்களே! மேடம்கிட்ட சொல்றேன், உங்களுக்கும் ஒரு கூண்டு ஒதுக்குவாங்க.”

மேடம் என்பது அந்த ஆராய்ச்சியை நடத்தும் டாக்டரம்மா. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் சொன்னதை அக்கா பாதி கேட்டுக்கொண்டு வந்து, “குளிர்காலத்துல அதுங்களுக்கு ஜீனே மாறிடுதாம்” என்று எல்லோருக்கும் சொன்னாள். அத்தானுக்கு அது அல்வா மாதிரி கிடைத்தது. தன் மூக்குக்கண்ணாடிக் கடையைத் தாமதமாகத் திறந்ததற்கு வாடிக்கையாளர்களிடம், “குளிர்ல நமக்கு ஜீன் மாறிடுதுங்க, நாம என்ன பண்ண முடியும்?” என்று கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு நாள் அக்கா முகத்தைச் சுருக்கிக்கொண்டு வந்தாள்.

“மாறலையாம். அதே ஜீன்தானாம். எது வேலை செய்யுது, எது சும்மா இருக்குங்கிறதுதான் மாறுதாம். ஊரெல்லாம் தப்பா சொல்லிட்டேனே!”

“அப்போ சும்மா இருக்கிறதையெல்லாம் அணைச்சு வெச்சிடுதா?” என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தாள். “அணைக்கிறதில்லடா. சிம்ல வைக்குது.”

எனக்கு அது அன்றைக்குத்தான் புரிந்தது. குளிர் நெருங்கும்போது ஈரலில் சர்க்கரையை எரிக்க உதவும் மரபணுக்கள் தணிகின்றன. கொழுப்பை எரிக்க உதவுபவை கூடுகின்றன. உடம்பு முழுதாகச் சில்லிட்ட பிறகு ஏறக்குறைய எல்லாமே சிம்மில்தான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போல அணில் தானாக நடுங்கிச் சூடேறி எழுந்திருக்கும். அப்போது அத்தனையும் ஒரே சமயத்தில் ஓடத் தொடங்கும். “கரண்ட் வந்த வீடு மாதிரி. மிக்ஸி ஒரு பக்கம், மோட்டார் ஒரு பக்கம்” என்பாள். அப்படிப் பாடுபட்டு எழுந்து என்ன செய்யும்? பெரும்பாலான நேரம் தூங்கும். சில்லிட்டுக் கிடந்தது தூக்கக் கணக்கில் சேராதாம்.

“தூங்குறதுக்காக எழுந்திருக்கிற ஜென்மம்! நான் தனி ஆள் இல்ல” என்றார் அத்தான்.

அந்த அணில்களில் ஒருவனுக்கு அக்கா ‘மந்திரி’ என்று பெயர் வைத்திருந்தாள். கன்னம் நிறைய சூரியகாந்தி விதையை அடக்கிக்கொண்டு ஒன்றும் தெரியாத முகத்தோடு உட்கார்ந்திருப்பான். குட்டியாக இருந்தபோது தாய் ஒதுக்கிவிட்டது. அக்கா சொட்டுக் குழாயில் பால் ஊட்டி வளர்த்தாள். அங்கே பெயர் வைக்கக் கூடாது. அதனால் வீட்டில் மட்டும் மந்திரி, கூடத்தில் வெறும் எண்.

போன குளிர்காலத்தில் அந்த எண் ஆழ்ந்து கிடப்பவர்களின் குழுவில் வந்தது. அந்தக் குழு அணில்களின் ஈரல் ஆராய்ச்சிக்கு வேண்டும். ஈரலைக் கொடுத்த அணில் கூண்டுக்குத் திரும்பாது. அக்காவுக்கு இது புதிதில்லை. “அது வேலைடா” என்பதற்கு மேல் என்றைக்கும் பேசியதில்லை. ஆனால் அந்த வாரம் சாப்பாட்டுத் தட்டைத் தொடாமல் எழுந்துபோனாள். அத்தான் எனக்குப் போன் செய்து, “நீ வந்து ஒரு வார்த்தை பேசு மாப்ள, இவ சிம்ல இருக்கா” என்றார்.

போனேன். நடுவில் விழித்துவிட்ட அணில் அந்தக் குழுவில் சேராது, இன்னொரு குழுவுக்குப் போய்விடும், அங்கே ஒரு துளி ரத்தம் மட்டும்தான் எடுப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

“இதுக்கு ஏன்க்கா மண்டையப் போட்டு உடைச்சுக்கிற? தூளைப் பூன்னு ஊதிவிட்டா வேலை முடிஞ்சுது.”

முறைத்தாள். “முழிச்சான்னு அவங்க எடுத்துக்குவாங்க. ஆனா அவன் முழிச்சிருக்க மாட்டான். அவன் ரத்தம் வேற கதை சொல்லும். மேடம் பாடுபட்டதெல்லாம் குட்டிச்சுவராயிடும். போடா, யோசனை சொல்ல வந்துட்டான்.”

மறுநாள் காலை மந்திரியின் கூண்டை மட்டும் பக்கத்துச் சின்ன அறைக்குக் கொண்டுபோனாள். முதுகில் தூள் அப்படியே இருந்தது. டாக்டரம்மா கையுறை மாட்டிக்கொண்டு வருவதற்குள், நடைபாதைக் கோடி வரை போகாமல், கூண்டுக்கு நேர் மேலே ஒரு தும்மல். தூள் பறந்தது. மந்திரி நடுங்க ஆரம்பித்தான்.

“சளியா?” என்று கேட்டாராம் டாக்டரம்மா.

“இல்ல மேடம். மரத்தூள் மூக்குல ஏறிடுச்சு.”

“இத்தனை வருஷமா ஏறாத தூளு?”

“இன்னைக்குக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாத்துட்டேன் மேடம்.”

டாக்டரம்மா கையுறையை நிதானமாகக் கழற்றினார். “சரி, ஒண்ணு குறைவா வெச்சுப் பாத்துக்கறேன். இனிமே கிட்டப் போய்ப் பாக்காதீங்க.”

அவன் உடம்பு சூடேறியதும் ஒரு துளி ரத்தம் எடுத்தார்கள். கரண்ட் வந்த வீடாக இருந்ததாம்.

“உண்மையிலேயே தும்மலா அக்கா?” என்று பிறகு கேட்டேன்.

“தும்மல்ல உண்மை, பொய்யெல்லாம் உண்டாடா? அவன் முழிச்சான். அது உண்மை.”

இந்தக் குளிர்காலத்துக்குள் மந்திரிக்கு வயதாகிவிட்டது. உடம்பில் போதிய கொழுப்பு ஏறாமலே சுருண்டுவிட்டான். ஒவ்வொரு முறை எழுவதற்கும் இருக்கிற கொழுப்பில் பெரும்பங்கு செலவாகும். ஒரு தடவை எழ முடியாமலே போய்விடுவானோ என்று அக்காவுக்குப் பயம். அவன் விழிக்கிற நாளில் எல்லோருக்கும் முன்னால் போய்ப் பார்ப்பாள். தூள் உதிர்ந்திருந்தால் உடனே எனக்குப் போன்: “மந்திரி எழுந்துட்டார்டா!” நேற்றுக்கூடப் பேசினாள். “நாளைக்கு அவன் முழிக்கிற நாள். தூவிட்டு வந்திருக்கேன். காலைல கூப்பிடறேன்.” அதனால்தான் இன்று மணி அடித்ததும் அவள்தான் என்று நினைத்து ஓடினேன்.

மத்தியானம் டாக்டரம்மா கூடத்து ஆட்களோடு வந்தார். ஒருவர் காலடியும் கேட்கவில்லை. அத்தான் நிமிர்ந்து பார்த்துத் திடுக்கிட்டு, “பஞ்சுக்கால் கோஷ்டியா? ஒரு கனைப்பாவது கனைச்சுட்டு வாங்கய்யா” என்றார். அவ்வளவு நேரம் விசும்பிக்கொண்டிருந்த அறை சிரித்தது. அவரும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

டாக்டரம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்து, “குளிர் சரியா இருக்கான்னு வெளியில இருக்கிற மீட்டர்லயே பாத்துட்டேன். மாத்துச் சாவி என்கிட்ட இருக்கு. அறையைத் திறக்கத்தான் கை வரல” என்றார்.

“மந்திரி?” என்று கேட்டேன்.

அந்தப் பெயரை அவர் கேட்டிருக்க வழியில்லை. ஆனாலும் யாரென்று கேட்கவில்லை.

நேற்று மாலை அக்கா அவன் முதுகில் ஒரு சிட்டிகை மரத்தூள் தூவியிருக்கிறாள். அது உதிர்ந்திருக்கிறதா என்று இன்னும் யாரும் பார்க்கவில்லை.