குந்த வைத்த நேரம்

ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஐரீன் வீடு எது என்று கேட்டால் யோசிப்பார்கள். கோர்ட்டம்மா வீடு என்றால் உடனே கை காட்டுவார்கள். முப்பத்தோரு வருடம் நகரத்து நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். சாட்சிகள் தமிழில் சொல்வதை ஆங்கிலத்தில் எழுதுவது அவள் வேலை. வீட்டில் பேசுவது ஒரு தமிழ், ஆபீசில் பேசுவது வேறு தமிழ், தாளில் ஆங்கிலம். மூன்றும் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் பார்த்துக்கொண்டதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

ஓய்வுக்குப் பிறகு காலையில் சர்ச்சில் பூசை, காசிமேட்டில் மீன், மத்தியானம் ஒரு தூக்கம். கணவர் தாமஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். இப்போது ரிமோட்டை விடாமல் டி.வி. பார்ப்பவர். நாட்கள் குறையில்லாமல் போய்க்கொண்டிருந்தன.

ஒருநாள் பக்தவச்சலம் போன் செய்தார். அவளோடு வேலை பார்த்த சிரஸ்தார். நீதிமன்றத்து ஊழியர்களையும் கோப்புகளையும் கட்டி மேய்த்தவர்.

"மேடம், டெல்லியிலிருந்து நாடாளுமன்றக் குழு ஒண்ணு மெட்ராஸ் வருது. கைது, போலீஸ் விசாரணை, தப்பு செஞ்ச போலீஸுக்கு என்ன தண்டனை, இதுக்கெல்லாம் ஒரு புது மசோதா. அப்படியே ஓட்டுக்கு விடாம, அலசிப் பார்த்துச் சொல்லுங்கன்னு இந்தக் குழுகிட்ட அனுப்பியிருக்காங்க. ஜனங்ககிட்டயும் கேக்கறாங்க. கூட வர்ற மொழிபெயர்ப்பாளருக்கு நம்ம பக்கத்துப் பேச்சு பிடிபடல. 'பேஜாரு'ன்னா சந்தையான்னு என்கிட்ட கேக்கறார். நீங்க வர முடியுமா?"

ஐரீன் வெகுநேரம் சிரித்தாள். பிறகு வருகிறேன் என்றாள்.

போனதும் முதலில் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். அறிக்கை சபையில் வைக்கப்படும்வரை உள்ளே கேட்டதை வெளியே யாரிடமும் சொல்லக் கூடாது. கணவரிடம்கூடவா என்று கேட்டாள். கணவரிடம்கூடத்தான் என்றார் குழுவின் செயலாளர்.

அரசு விருந்தினர் மாளிகையில் நீளமான கூடம். உறுப்பினர்கள் பதினோரு பேர், வேறு வேறு மாநிலம், வேறு வேறு கட்சி. டி.வி.யில் கத்திக்கொள்கிற கட்சிக்காரர்கள் இங்கே பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே தட்டில் முந்திரி எடுத்துத் தின்றது ஐரீனுக்கு ஆச்சரியமாக இருந்தது. முதலில் போலீஸ் அதிகாரிகள் பேசினார்கள். கைதான நேரத்திலிருந்து இருபத்து நாலு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்திவிடுகிறோம், பதிவேடுகளே சாட்சி என்றார்கள். மசோதாவின் ஒன்பதாவது பிரிவும் அதையே சொன்னது: கைது என்று எழுதிய நேரத்திலிருந்துதான் கணக்கு.

அடுத்து தேசம்மாள் வந்தாள். சடையங்குப்பத்துக்காரி, மணலியில் ஒரு கம்பெனியில் ஒப்பந்தத் துப்புரவு வேலை. கணவன் ஜெயவேல் வெல்டர். செப்புக் கம்பி திருட்டு என்று அவனைப் பிடித்து, பிறகு வழக்கே நிற்காமல் விட்டுவிட்டார்கள். அந்தக் கதையைச் சொல்லத்தான் வந்திருந்தாள்.

"வெள்ளிக்கெயம காலீல பத்து மணி இருக்கும் சார். எங்க வூட்டுக்காரு சைக்கிள்ல வேலைக்குப் போய்க்கினு இருந்தாரு. ஜீப்புல ஏத்தி இட்டுகினு போய் டேசன்ல குந்த வெச்சிட்டாங்க. ஞாயித்துக்கெயம மத்தியானம் வரிக்கும் குந்த வெச்சிருந்தாங்க. அப்பால தான் அரெஸ்ட்டுன்னு எயுதுனாங்க."

பழகிய கை எழுதுவதுபோல, பழகிய வாய் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டது: அவரை நிலையத்தில் உட்காரச் செய்தார்கள்.

உறுப்பினர்களில் ஒருவர் வடக்கே ஒரு மாநிலத்தில் போலீஸ் அதிகாரியாக இருந்தவர். புன்னகையோடு கேட்டார். "விசாரணைக்கு வருகிறவரை உட்காரச் சொல்வது மரியாதைதானே? நாற்காலி கொடுத்தார்களா?" இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

ஐரீன் அதைத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. "நாற்காலி குடுத்தாங்களான்னு கேக்கறார்மா."

தேசம்மாள் அவரைப் பார்க்கவில்லை. ஐரீனைப் பார்த்தாள். "இன்னாக்கா, நீ ராயபுரம்னு தானே சொன்ன? குந்த வெச்சாங்கன்னா இன்னான்னு உனுக்குத் தெரியாதா?"

ஐரீனுக்கு முகம் சுட்டது. தெரியும். எத்தனை வழக்கில், எத்தனை தாய்மார், எத்தனை பெண்டாட்டிகள் இதே வார்த்தையைச் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் 'உட்காரச் செய்தார்கள்' என்றுதான் எழுதியிருக்கிறாள். எழுத்துக்கு எழுத்து சரி. படித்த நீதிபதிக்கு அதில் ஒரு நாற்காலிதான் தெரிந்திருக்கும்.

மொழிபெயர்ப்பவள் தன் பேச்சைப் பேசக் கூடாது என்பது விதி. அந்த விதியை அவள் மீறியதே கிடையாது. எழுந்து நின்றாள்.

"தலைவர் அவர்களே, என் மொழிபெயர்ப்பில் பிழை. திருத்த அனுமதி வேண்டும்."

தலைவர் தலையசைத்தார்.

"எங்கள் பக்கத்தில் இந்தச் சொல்லைக் கேட்டால் யாருக்கும் நாற்காலி ஞாபகம் வராது. அவர் எழுந்து போக முடியாது. அவர் பெயரில் ஒரு தாளும் இருக்காது. வீட்டார் வந்து கேட்டால், அப்படி யாரையும் கைது செய்யவில்லை என்பார்கள். அது பொய்யும் ஆகாது, இன்னும் எழுதவில்லையே. சட்டத்தின் கடிகாரம் அவருக்கு ஓட ஆரம்பிக்காத நேரம் அது. இதற்கு ஒரே ஆங்கிலச் சொல் என்னிடம் இல்லை. உட்காரச் செய்தார்கள் என்றது நான். இந்த அம்மா அதைச் சொல்லவில்லை."

கணவர் நினைத்தால் வெளியே வந்திருக்க முடியுமா என்று தலைவர் தேசம்மாளிடம் கேட்டார்.

"எப்புடி சார் வர முடியும்? செருப்பு, போனு, பெல்ட்டு எல்லாம் வாங்கி வெச்சிகினாங்க. நான் ரெண்டு நாளும் சோறு கட்டிகினு போனேன். சோத்த உள்ள வுட்டாங்க. என்னிய வுடல."

முன்னாள் அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் குரலில் சிரிப்பு போயிருந்தது. "எங்கள் ஊரிலும் இதே வார்த்தைதான். உட்கார வைத்தார்கள் என்றுதான் சொல்வார்கள். நானும் வைத்திருக்கிறேன்." வடகிழக்கிலிருந்து வந்த பெண் உறுப்பினர், தங்கள் பக்கம் 'பேசக் கூப்பிட்டார்கள்' என்பார்கள் என்றார். தமிழ்ச் சொல்லை அப்படியே குறிப்பில் ஏற்றச் சொன்னார் தலைவர். சுருக்கெழுத்தாளர் ஐரீனிடம் எழுத்துக் கூட்டிக் கேட்டு எழுதிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் தாமஸ் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "இன்னாமே, இன்னா கேட்டாங்க?"

"சொல்லக் கூடாதுன்னு கையெயுத்துப் போட்டுகீறேன்."

"என்கிட்டயுமா?"

"உன்கிட்டதான் மொதல்ல."

நான்கு மாதம் தாமஸ் இதைச் சகித்துக்கொண்டார் என்று சொல்ல முடியாது. என் பொண்டாட்டி அரசாங்க ரகசியம் வைத்திருக்கிறாள் என்று கல்மண்டபம் மார்க்கெட் முழுக்கச் சொல்லி வைத்தார். அவளுக்கு அதுவும் பிடித்துத்தான் இருந்தது.

டெல்லியில் குழு பிரிவு பிரிவாக உட்கார்ந்தது. அமைச்சகத்து அதிகாரிகளை இரண்டு தடவை கூப்பிட்டார்கள். குளிர்காலக் கூட்டத்தொடரில் அறிக்கை சபையில் வைக்கப்பட்டது. மறுநாளே பக்தவச்சலம் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் அச்செடுத்து, கட்டைப்பையில் போட்டு, பஸ் ஏறி வந்துவிட்டார்.

ஒன்பதாவது பிரிவில் குழு சொல்லியிருந்தது இது: ஒருவர் தன் விருப்பப்படி எழுந்து போக முடியாமல் ஆகிற நிமிடத்திலிருந்தே நேரத்தைக் கணக்கிட வேண்டும், கைது என்று எழுதினாலும் எழுதாவிட்டாலும். காரணமாக, சென்னையில் ஒரு சாட்சி சொன்ன சொல் என்று அந்தத் தமிழ்ச் சொல் ஆங்கில எழுத்தில் இருந்தது. ஓர் எழுத்து பிசகியிருந்தது. ஐரீன் பேனா எடுத்துத் திருத்தினாள். கோர்ட்டுப் பழக்கம்.

"இது சட்டம் இல்ல மேடம், பரிந்துரைதான். அரசாங்கம் எடுத்துக்கலாம், எடுத்துக்காமலும் போகலாம்" என்றார் பக்தவச்சலம். "ரெண்டு பேர் மாற்றுக் கருத்தும் எழுதியிருக்காங்க."

"தெரியும் சார்," என்றாள் ஐரீன். அவள் முகத்தில் அதற்காக வருத்தம் ஒன்றும் இல்லை. உள்ளேயிருந்த தாமஸைக் கூப்பிட்டாள். "வாய்யா, இப்ப கேளு." தாமஸ் டி.வி.யை நிறுத்திவிட்டு வந்து ஒரு மணி நேரம் குறுக்கே பேசாமல் கேட்டார்.

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்ததும், ஐரீன் அந்தப் பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மணலி போய் அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் சடையங்குப்பம் போனாள். மழைத் தண்ணீர் இன்னும் தெருவோரம் நின்றிருந்தது. ஜெயவேல் வாசலில் ஒரு கேட்டுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தான். ஆள் வாட்டசாட்டமாக, வேலை கிடைத்த தெம்போடு இருந்தான்.

தேசம்மாள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுல எங்க வூட்டுக்காரு பேரு கீதாக்கா?"

"பேர் போட மாட்டாங்க. நீ சொன்ன வார்த்த கீது. இதோ."

தேசம்மாள் அந்த இடத்தில் விரலை வைத்தாள். ஆங்கில எழுத்து அவளுக்குத் தெரியாது. ஆனால் விரலை எடுக்க மனமில்லாமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். இது இன்னும் சட்டமில்லை, ரெண்டு பேர் வேண்டாம் என்றும் எழுதியிருக்கிறார்கள் என்றாள் ஐரீன்.

"வாணாம்னு எயுதுனாங்களே ரெண்டு பேர், அவங்க இன்னா சொல்றாங்க?" என்று கேட்டான் ஜெயவேல். இப்படி நிமிடக் கணக்குப் பார்த்தால் திருடனைப் பிடிக்க முடியாது என்கிறார்கள் என்று ஐரீன் சொன்னாள். அவன் பிரஷ்ஷை டப்பாவின் மேல் வைத்துவிட்டு யோசித்தான்.

"பிடிக்கட்டும்க்கா. பிடிச்ச நேரத்த எயுதிட்டுப் பிடிக்கட்டும்."

தேசம்மாள் கானாங்கெளுத்தி மீன் வறுக்க எழுந்தாள். சாப்பிடாமல் போகக் கூடாது என்று பையை வாங்கி உள்ளே வைத்துவிட்டாள். ஐரீன் மறுக்கவில்லை. பசித்தது.