இடது கைக்கு ஒரு சுவிச்சுப் பலகை

எழுவைதீவுக்குப் படகு ஓட்டும் இன்னாசித்தம்பிக்கு ரயிலைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. இதை அவரே ஊர் முழுக்கச் சொல்லித் திரிவார். அப்படிப்பட்ட மனுசன் ஒரு ரயிலுக்குச் சுவிச்சுப் பலகை செய்யப் போகிறேன் என்று வந்து நின்றபோது, "உமக்கேன் காணும் இந்த வேலையில்லாத வேலை?" என்று முதலில் கத்தியது நான்தான்.

ரயில் என்றால் மொடல் ரயில். எங்கள் ஊர்காவற்றுறையில் தண்டவாளம் ஏது? பக்கத்து வீட்டு அப்புத்துரை அண்ணை இங்கே பிறந்து, வெளியூர்களில் ரயில் எஞ்சின் ஓட்டி ஓய்வுபெற்றவர். ஊருக்குத் திரும்பி வந்ததும் முன்னறையில் பெரிய மேசை போட்டு, தண்டவாளம், மேடை, எஞ்சின், பெட்டிகள் என்று ஒரு குட்டி ரயில்பாதையே அமைத்துவிட்டார். போன வருடம் பாரிசவாதம் வந்து வலது கை வழங்காமல் போனது. ரயிலை ஓட்டும் கருவியை ஒரு கையால் பிடித்து மறு கையால் திருக வேண்டும். அது அவருக்கு ஏலவில்லை. "இதையெல்லாம் கழட்டி ஆருக்காவது குடு" என்று மனைவி அன்னபூரணம் அக்காவிடம் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்தவர்தான். மனுசன் இனி எழும்பவே மாட்டாரோ என்று அக்கா பயந்துபோனார்.

"கொஞ்சம் பொறுங்கோ அக்கா, ஒண்டும் குடுக்காதையுங்கோ" என்றார் இன்னாசித்தம்பி. படகில் வயர் வேலை, மோட்டர் வேலை எல்லாம் அவரே பார்ப்பவர். உடைந்த கதவுப் பலகையை இழைத்து, படகுக்கென்று வாங்கிய பெரிய சுவிச்சுகளைப் பூட்டினார். வேகத்துக்கான குமிழை மரத்தில் கை நிறையச் செதுக்கினார். எந்தச் சுவிச்சு எங்கே வர வேண்டும் என்று பார்க்க, தன் வலது கையை இடுப்புச் சாரத்துக்குள் செருகிக்கொண்டு இடது கையால் மட்டும் தட்டிப் பார்த்தார். அந்தக் கோலத்திலேயே தேத்தண்ணியும் குடித்தார். பார்க்கச் சிரிப்பாக இருந்தது.

அதோடு விட்டாரா? அண்ணை கஷ்டப்படக் கூடாதென்று, ஒரு சுவிச்சைத் தட்டினால் ரயில் மேடையில் தானாக நிற்கும்படி, தண்டவாளத்தில் ஒரு துண்டுக்கு மட்டும் மின்சாரத்தை நிறுத்தும் ஏற்பாடும் செய்தார்.

அண்ணையைக் கெஞ்சிக் கூத்தாடிக் கதிரையில் இருத்தினோம். ரயில் ஓடியது. சுவிச்சைத் தட்டினார். மேடைக்கு ஒரு முழம் இருக்கும்போதே டக்கென்று நின்றுவிட்டது. படகோட்டியின் புத்தி! துறைக்குத் தள்ளியே எஞ்சினை நிறுத்தினால் படகு மிச்சத் தூரம் வழுக்கி வந்து அணையும். அதே கணக்கில் துண்டை முன்னாலேயே பிரித்திருக்கிறார்.

எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

"கோச்சி வள்ளமில்லைத் தம்பி" என்றார் அண்ணை, ரயிலைக் காட்டி. "நிப்பாட்ட எனக்குச் சுவிச்சு வேண்டாம். அதைக் கழட்டும். நானே கொண்டுவந்து நிப்பாட்டுறன்."

நானென்றால் கோபித்துக்கொண்டு போயிருப்பேன். இன்னாசித்தம்பி, "ஓம் அண்ணை, அதுதான் சரி" என்று அங்கேயே குந்தினார். அத்தனை மினக்கெட்டுச் செய்ததை முகம் சுளிக்காமல் கழற்றிவிட்டு, அந்தத் துண்டை மற்றத் தண்டவாளத்தோடு சேர்த்துக் கட்டினார். அப்படியொரு மனம் எனக்கு வராது.

அண்ணை இடது கையால் மரக் குமிழைத் திருகினார். ரயில் புறப்பட்டு, வளைவில் திரும்பி, ஊர்ந்து மேடைக்குள் வந்தது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். படகுப் பழக்கத்தில் இன்னாசித்தம்பி, "பாத்து இறங்குங்கோ!" என்று குரல் கொடுத்தார்.

"பொறும் தம்பி!" ரயிலை விட்டுக் கண்ணை எடுக்காமல் அண்ணை அதட்டினார். "வண்டி இன்னும் நிக்கேல்லை."