தொட்டியில் தூவிய குருணை

நாய் செவலை செத்து நான்கு மாதமாகிறது. இன்னமும் சாயங்காலம் ஐந்து மணியானால் சொர்ணத்தின் கை தானாகச் சோற்றுச் சட்டியை எடுத்துவிடும். கொல்லைக் கதவை நாய் நகத்தால் பிராண்டுவது அவளுக்குத் தெளிவாகக் கேட்கும். "காத்துடி, போய் வேலையப் பாரு" என்பார் கணவர் உடையப்பன்.

திருவரங்குளத்துப் பக்கம் சொர்ணத்தைக் கைராசிக்காரி என்பார்கள். கத்திரியும் மிளகாயும் போட்டே மகன் நிலவழகனைப் படிக்க வைத்து, சிங்கப்பூருக்கு அனுப்பியவள். பொங்கலுக்கு வந்த மகன் திருச்சியில் ஒரு ஆர்க்கிட் செடி வாங்கி வந்தான். தொட்டிக்குள் தேங்காய் மட்டைத் துண்டுகளில் நின்ற ஊதாப் பூ. "தண்ணி மட்டும் தெளிம்மா, போதும்" என்று சொல்லிவிட்டுப் போனான். காடு கழனி பார்த்தவளுக்கா பாடம்? மீனையும் வெல்லத்தையும் ஊறப்போட்ட மீன் அமிலத்தை உரமாக ஊற்றினாள். எறும்பு மொய்த்தது. கத்திரிக்குப் போடும் குருணைப் பூச்சிமருந்தில் ஒரு பிடி அள்ளித் தூவினாள். அந்த மீன் வாடைக்கு நாயும் வரும் என்று பாவி மனுஷிக்கு உறைக்கவில்லை.

மறுநாள் மட்டைத் துண்டுகள் சிதறிக் கிடந்தன. செவலை நுரை தள்ளி, கால் இழுத்து, மாட்டு டாக்டர் வந்து சேர்வதற்குள் அடங்கிவிட்டது. டாக்டரை வழியனுப்பிவிட்டு வந்த உடையப்பன் மகனுக்குப் போன் போட்டார்.

"நீ வாங்கியாந்த செடியத் தின்னுதாண்டா செத்துச்சு."

சொர்ணம் பக்கத்தில்தான் நின்றாள். தான் தூவிய மருந்தைப் பற்றி மூச்சுவிடவில்லை.

அதிலிருந்து ஞாயிறுதோறும் மகன் அதையே கேட்டான். "அந்தச் செடியத் தூக்கிப் போட்டுட்டியாம்மா? செவலை கனவுல வந்து என்னையவே பாக்குதும்மா." அவளைப் பார்க்க வேண்டிய நாய், கடல் தாண்டிப் போய் ஒரு பாவமும் அறியாதவனைப் பார்த்தது.  செடியோ புதுக் குருத்து விட்டிருந்தது.

நேற்று ஆட்டுக்கு ஊசி போட வந்த அதே டாக்டரிடம் செடியைக் காட்டினாள்.

"இந்த ஆர்க்கிட் நாயைக் கொல்லாதும்மா. நிறையத் தின்னா வாந்தி எடுக்கும், அவ்வளவுதான். அன்னிக்கே உங்க வீட்டுக்காரர்கிட்ட கேட்டேனே, தொட்டியில மருந்து போட்டீங்களான்னு."

அவர் போனதும் சொர்ணம் கணவர் முன்னால் போய் நின்றாள். "நான் மருந்து போட்டது ஒங்களுக்குத் தெரியுமா?"

உடையப்பன் தலை நிமிரவில்லை. "அவன் தூரத்துல இருக்கான், நாளாவட்டத்துல மறந்துருவான். நீ இந்த வீட்டுலயேல்ல கெடக்கணும்."

"எம் பிள்ளை தூங்கி நாலு மாசமாச்சுங்க."

ஞாயிறுவரை அவள் காத்திருக்கவில்லை. போனை எடுத்தாள்.

"தம்பி, செவலையக் கொன்னது ஒஞ்செடி இல்ல. நான் போட்ட மருந்துடா."

 மகன் கேட்டான்: "அப்பாவுக்குத் தெரியுமா?"

சொர்ணம் கணவரைப் பார்த்தாள். மணி ஐந்து. கொல்லைக் கதவில் பிராண்டும் சத்தம் கேட்டது. அவளுக்கு முன்பே உடையப்பன் கதவைத் திரும்பிப் பார்த்தார்.