சொன்ன பேச்சு கேட்காத குமிழ்

முட்டாளாக இருப்பதற்கும் உழைப்பு வேண்டும். மிகவும் பாடுபட்டு, நாக்கைக்கூடப் பணயம் வைத்து நான் செய்த மடத்தனம் எது என்று கேட்டால், ஒன்பது வயதில் அப்பாவின் காருக்குக் கதவுப் பூட்டு சரிசெய்ததைத்தான் சொல்வேன். அதிலும் கொடுமை, அந்த வேலையை நான் ஒழுங்காகச் செய்து முடித்துவிட்டேன். என்னுடைய மற்ற மடத்தனங்கள் எல்லாம் பாதியிலேயே கெட்டுப்போய், யாருக்கும் சேதமில்லாமல் முடிந்தவை.

எங்களுக்குக் கொஞ்சமும் பொருந்தாத கார் அது. அப்பா செமோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் துரைக்குக் காரோட்டியாக இருந்தவர். எண்பதுகளின் தொடக்கத்தில் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றபோது துரை தன் நாட்டுக்குக் கிளம்பினார். பல வருடம் ஓடிக் களைத்திருந்த அந்தப் பெரிய ஜெர்மன் காரைக் கூடவே கொண்டுபோக முடியாது. அப்பாவிடம் விட்டுவிட்டுப் போனார். நாங்கள் ஈப்போவுக்கு வந்து புந்தோங்கில் ஒரு வரிசை வீட்டில் குடியேறினோம். அப்பாவுக்கு சுண்ணாம்புக்கல் குவாரியில் லோரி ஓட்டும் வேலை கிடைத்தது. காலையில் துரை காரில் போய் இறங்கி லோரியில் ஏறுவார். சாயங்காலம் புருவமெல்லாம் வெள்ளைப் பொடியோடு மறுபடி துரை காரில் வந்து இறங்குவார். வாசலில் கார் நின்றால் பின்னால் வீடு இருப்பதே தெரியாது.

அந்தக் காரில் ஓர் அதிசயம் இருந்தது. ஓட்டுகிறவர் தன் கதவின் குமிழை அழுத்தினால் போதும், மற்ற மூன்று கதவுகளின் குமிழ்களும் உஸ்ஸென்று பெருமூச்சு விட்டுத் தாமாகவே இறங்கிவிடும். எஞ்சின் உறிஞ்சுகிற காற்றைக்கொண்டு வேலை செய்கிற பூட்டு. மூன்று என்பது துரை காலத்துக் கணக்கு. எங்கள் கைக்கு வந்தபோது பின்னால் இருந்த இரண்டு மட்டும்தான் இறங்கின. முன்னால் இடது பக்கம், அம்மா உட்காரும் கதவின் குமிழ், எனக்கென்ன என்று நிமிர்ந்தே நிற்கும்.

"ரெண்டு பேரு சொன்ன பேச்ச கேக்குது. இது மட்டும் உங்க மகன மாதிரி" என்பார் அம்மா. சொல்லிக்கொண்டே கட்டைவிரலால் குமிழை ஓர் அமுக்கு அமுக்குவார். டக். "ம், போலாம்."

அந்த டக் கேட்காமல் அப்பா கியரைத் தொடமாட்டார். நானும் பின்சீட்டில், என்னைத்தான் தலையில் தட்டி உட்கார வைத்துவிட்டார்கள் என்பதுபோல் அடங்கி உட்காருவேன். அம்மா எப்போதும் அடுப்படியிலிருந்து நேராக வந்து ஏறுவதால் அந்தத் தந்த நிறக் குமிழின் தலையில் ஒரு மஞ்சள் கறை ஏறியிருந்தது. குழம்பு மஞ்சள்.

பிறகு ஒரு மழைக்காலத்தில், காய்ச்சல் என்று பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன அம்மா திரும்பி வரவில்லை. வீடு கொள்ளாமல் உறவுக்காரர்கள் வந்தார்கள், அழுதார்கள், என் கன்னத்தைக் கிள்ளினார்கள். காரியம் முடிந்ததும் அத்தனை பேரும் போய்விட்டார்கள். பாத்திரங்களை மட்டும் மாற்றி மாற்றி எடுத்துப் போனதில், யாருடையதோ ஒரு மூடி எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. எந்தச் சட்டிக்கும் அது பொருந்தவில்லை.

மதியம் பள்ளி விட்டு வந்தால், கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் சாவியால் நானே கதவைத் திறப்பேன். நானே எனக்கு "பசியாறிட்டியா?" என்று கேட்டுக்கொள்வேன். தனியாகக் கேரம் விளையாடுவேன்; அதிலும் தோற்பேன். சுவரில் ஒரு பல்லி இருந்தது. கேள்வி கேட்டால் பதில் சொல்கிற ஒரே ஆள் அதுதான், எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில் என்றாலும். சாயங்காலம் ஆனதும் சோறு ஆக்குவேன், நெத்திலி பொரிப்பேன். கருகிய நெத்திலியைப் பல்லியிடம் காட்டி அபிப்பிராயம் கேட்பேன்.

கார் சத்தம் கேட்டதும் சன்னலுக்கு ஓடுவேன். அப்பா காரை நிறுத்துவார். இறங்கமாட்டார். தன் பக்கத்துக் குமிழை அழுத்துவார். பின்னால் இரண்டும் இறங்கும். இடது பக்கம் அப்படியே நிற்கும். அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எட்டினால் தொட்டுவிடும் தூரம்தான். ஆனால் கை நீளாது. தெருவிளக்கு எரியத் தொடங்கும். சோறு ஆறிப்போகும். அவர் உள்ளே வரும்போது நான் பெரும்பாலும் சாப்பிட்டுப் படுத்திருப்பேன்.

ஒருநாள் வாசலுக்கே போய்க் கண்ணாடியைத் தட்டிக் கேட்டேன். "ஏன்ப்பா உள்ள வரல?"

அப்பா கண்ணாடியைப் பாதி இறக்கி, "லாக் சரியில்லடா" என்றார்.

அவ்வளவுதான், எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. லாக் கெட்டிருக்கிறது, அதனால் அப்பா உள்ளே வரவில்லை. லாக்கைச் சரிசெய்தால் வந்துவிடுவார். இவ்வளவு தெளிவான கணக்கை நான் பள்ளியில்கூடப் போட்டதில்லை.

தனியாகச் செய்ய முடியாது. மாமாவைப் பிடித்தேன். அம்மாவின் தம்பி அவர். செமோரில் விற்காமல் மிச்சமிருந்த கொஞ்சம் நிலத்தில் இன்னும் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்துக்கொண்டிருந்தார். வாரக் கடைசியில் மோட்டார் சைக்கிளில் நாசி லெமாக் பொட்டலத்தோடு வருவார்.

"மாமா, அப்பா கார் லாக்க செய்யணும்."

"எதுக்குலா? கை இருக்குல்ல, அமுக்கிட்டுப் போவ வேண்டியதுதான?"

"அது கெட்டுப் போயிருக்கறதாலதான் அப்பா வீட்டுக்குள்ளயே வர மாட்டேங்குறாரு."

பொட்டலத்தைப் பிரித்த கையோடு மாமா என்னையே பார்த்தார். "யாரு சொன்னா?"

"அப்பாதான்."

மாமா ஒரு வாய் சோற்றை மென்று முடிக்க வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார். "சரி. அப்ப செஞ்சிருவோம்" என்றார்.

அடுத்த சனிக்கிழமை வாய்ப்பு வந்தது. தெலுக் இந்தானுக்குக் கல் ஏற்றிப்போக விடியும்போதே குவாரி லோரி வந்து அப்பாவை ஏற்றிக்கொண்டு போனது. கார் வாசலில், சாவி ஆணியில்.

முதலில் மாமா மருத்துவரைப்போல் காரைச் சுற்றி வந்து, "ஃபியூஸ்" என்றார். காற்றால் வேலை செய்யும் பூட்டுக்கு ஃபியூஸ் எதற்கு என்று கேட்க அப்போது எனக்கு அறிவில்லை, அவருக்கும் இல்லை. ஃபியூஸ்களைக் கழற்றி மாற்றி மாட்டினார். லாக் அசையவில்லை. ஹாரன் நின்றுபோனது, வைப்பர் தானாக ஆடத் தொடங்கியது. எல்லாவற்றையும் பழையபடி மாட்டி, ஹாரன் திரும்பி வந்ததும், அதையே பெரிய வெற்றியாகக் கொண்டாடித் தேத்தண்ணி கலக்கிக் குடித்தோம்.

கால்விரிப்பைத் தூக்கியபோதுதான் ஒவ்வொரு கதவுக்கும் போகிற மெல்லிய குழாய்களைக் கண்டோம். அங்கே என் படிப்பு கைகொடுத்தது. பள்ளிப் படிப்பு இல்லை, பாக்கெட் தண்ணிப் படிப்பு. பள்ளி வாசலில் பிளாஸ்டிக் பையில் கட்டித் தரும் சீராப் தண்ணியில் சில நேரம் வெடித்த ஸ்ட்ரோவைச் செருகிவிடுவார்கள். எவ்வளவு உறிஞ்சினாலும் தண்ணி ஏறாது, காற்றுதான் வரும்.

"மாமா, ஓட்ட ஸ்ட்ரோ மாதிரி இருக்கும்."

"அப்ப உறிஞ்சு பாரு. நீதான் அதுல கெட்டிக்காரன்."

பின்கதவுக்குப் போகும் குழாயைப் பிடுங்கி வாயில் வைத்து உறிஞ்சி, நுனியை நாக்கால் அடைத்தேன். நாக்கை அது கவ்விக்கொண்டது. ஒரு குட்டி மீன் கடித்தாற்போல் இருந்தது.

"புடிக்குதா?"

"ம்ம்ம்."

"தமிழ்ல சொல்லுலா!"

நாக்கை விடுவித்தபோது நுனியில் ஒரு சிவப்பு வட்டம். மறு பக்கத்துப் பின்கதவும் அப்படியே கவ்வியது. பிறகு அம்மா பக்கத்துக் கதவு. உறிஞ்சினேன், மூச்சு முட்ட உறிஞ்சினேன். தூசியும் பழைய ரப்பர் நெடியும்தான் வந்தன. நாக்கைப் பிடித்துக்கொள்ள அந்தப் பக்கம் எதுவுமே இல்லை.

"இங்கதான் மாமா ஓட்ட."

கதவின் உள்பலகையைக் கழற்றினோம். பம்பரம் அளவுக்கு ஒரு டப்பா. அதற்குள் மெல்லிய ரப்பர்த் தோல். காற்று அந்தத் தோலை இழுத்தால், தோல் குமிழை இழுக்கும். தோல் ஓரத்தில் கிழிந்திருந்தது.

ரப்பர் என்றதும் மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது. "கித்தாவா? அட, நம்ம கித்தாடா! தள்ளு. நமக்கே கித்தாவப் பத்திச் சொல்லித் தரணுமா?" என்று மோட்டாரை உதைத்துச் செமோருக்குப் பறந்தார். ஒரு பால் டின் நிறைய, அன்று காலை மரத்திலிருந்து இறங்கிய கித்தாப் பாலோடு திரும்பி வந்தார். கோழி இறகால் கிழிசலில் பூசினார். வெயிலில் காயவைத்தோம். டப்பாவை மாட்டி எஞ்சினை முடுக்கினோம். மேலே காய்ந்து உள்ளே காயாத அந்தப் பாலைக் கார் ஒரே உறிஞ்சில் குடித்துவிட்டது. குழாயைப் பிடுங்கினால் உள்ளிருந்து இடியாப்பம்போல் ரப்பர் நூல் நீண்டு வருகிறது. தோட்டத்தை விட்டு வந்து இத்தனை காலத்துக்குப் பிறகு, புளித்த பாலின் அந்த நாற்றம் துரையின் காருக்குள் முதல்முறையாகச் சரியாசனம் போட்டு உட்கார்ந்தது.

"பரம்பரையா கித்தா வெட்டுறோம். நம்ம கித்தாவே நம்மள ஏமாத்துது பாரு" என்று மாமா தலையில் கை வைத்துக்கொண்டார்.

கடைசியில் என் சைக்கிளின் பழைய டியூப்தான் காப்பாற்றியது. வட்டமாக ஒரு துண்டு வெட்டி, பஞ்சர் பசை தடவி ஒட்டினோம். நாக்கை வைத்துப் பார்த்தேன். கவ்வியது. மாமா ஓட்டுகிறவர் இருக்கையில் உட்கார்ந்து குமிழை அழுத்தினார். உஸ். டக். அம்மா பக்கத்துக் குமிழ் மற்ற இரண்டோடு சேர்ந்து, நல்ல பிள்ளையாக இறங்கியது.

நான் அதோடு விட்டிருக்கலாம். ஆனால் உள்பலகையை மாமா மாட்டிக்கொண்டிருந்தபோது, அந்தக் குமிழ் மட்டும் அழுக்காக இருப்பது கண்ணை உறுத்தியது. பழைய பல் தூரிகையும் சவுக்காரமும் எடுத்து வந்து தேய்த்தேன். மஞ்சள் லேசில் போகவில்லை. விடாமல் தேய்த்தேன். போனது.

மாமா நிமிர்ந்து பார்த்தார். "டேய், அத ஏன்..."

"ஏன் மாமா?"

"ஒண்ணுமில்ல." சாமான்களை அவசரமாகப் பைக்குள் போட்டார். "மழ வர்ற மாதிரி இருக்கு, நான் கெளம்புறேன்." வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை.

மாலையில் அப்பா தெருமுனையில் லோரியிலிருந்து இறங்கி நடந்து வந்தார். வீட்டுக்குள் போகவிடாமல் கையைப் பிடித்து இழுத்துக் காருக்குள் உட்கார வைத்தேன்.

"என்னடா நாத்தம்?"

"கித்தாப்பா. எஞ்சினப் போட்டுட்டு லாக்க அமுக்குங்க."

நான் ஓடிப்போய் இடது பக்கக் கண்ணாடிக்கு வெளியே, முழுப் பல்லும் தெரிய நின்றுகொண்டேன். அப்பா எஞ்சினைப் போட்டு, தன் குமிழை அழுத்தினார். உஸ்ஸென்ற சத்தத்தோடு மூன்றும் இறங்கின. அப்பா இடது பக்கம் திரும்பிப் பார்த்தார். தூக்கிவிட்டு மறுபடி அழுத்தினார். இறங்கியது. இன்னொரு முறை. அதற்குப் பிறகு, அத்தனை மாதங்களாக நீளாத கை நீண்டது. குமிழின் தலையைக் கட்டைவிரலால் தடவினார். விரலைத் திருப்பிப் பார்த்தார். விரலில் லோரித் தூசிதான் இருந்தது.

எஞ்சினை நிறுத்தி, இறங்கி, நேராக வீட்டுக்குள் போனார். நான் அவர் பின்னால், அணை கட்டி முடித்த எஞ்சினியரைப்போல் நடந்தேன். சோற்றில் ஆவி பறந்தது. என் கணக்கு சரியாக வந்துவிட்டது.

அன்றிலிருந்து அப்பா காருக்குள் உட்கார்ந்திருந்ததே இல்லை. வந்தார், பூட்டினார், உள்ளே வந்தார். முன்பு சன்னல் கம்பி வழியாக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது சாப்பாட்டு மேசைக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தேன். தூரம் குறைந்ததாகத் தெரியவில்லை. அதற்குத்தான் எந்தக் குழாயை உறிஞ்சிப் பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

பூட்டு சரியான அந்த மாலையில், நெத்திலியைத் தட்டோரம் ஒதுக்கிக்கொண்டிருந்த அப்பாவிடம், பாராட்டு தானாக வராது என்று தெரிந்து நானே கேட்டேன். அவர் சொன்ன பதிலைக் கேட்டு, இத்தனை வருடம் காரோட்டிய மனிதருக்குப் பூட்டைப் பற்றி ஒன்றுமே தெரியவில்லையே என்று அவருக்காகப் பரிதாபப்பட்டேன். அதைப் பல்லியிடமும் சொன்னேன்.

"லாக் இப்ப நல்லாருக்காப்பா?"

"முன்னயே நல்லாத்தான்டா இருந்துச்சு."