போர் தண்ணீரில் திரிந்த கூலன்ட்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் நான் பயிற்சியில் இருந்தபோது அந்தக் கோபம்தான் என்னைக் காப்பாற்றியது.

கடைசல் இயந்திரங்களில் இரும்பு சூடேறாமலும் துருப்பிடிக்காமலும் இருக்க ஊற்றும் கூலன்ட்டைக் கலப்பது என் வேலை. தண்ணீரில்தான் எண்ணெயை ஊற்ற வேண்டும். எண்ணெயில் தண்ணீரை ஊற்றினால் திரிந்துவிடும். புதிதாக வருகிறவர்கள் ஒருமுறையாவது செய்யும் தவறு அது. நான் செய்ததே இல்லை.

ஒரு திங்கட்கிழமை காலை, பால்போல இருக்க வேண்டிய தொட்டியில் எண்ணெய் தனியே மிதந்தது. கடைந்த ஷாஃப்ட்டுகளில் துரு. சூப்பர்வைசர் புகார்ப் படிவத்தை எடுத்துவிட்டார்.

“தலைகீழா கலக்கிட்டியேம்மா. இந்த வாரம் உனக்கு வேலை கன்ஃபர்மேஷன் வேற.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது.

“நான் சரியாத்தான் கலந்தேன் சார். மத்தியானம் வரைக்கும் எதுவும் எழுதாதீங்க.”

வேலை போனால் எங்கள் ஊர் உத்தனப்பள்ளியில் எனக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். விடுவேனா?

ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்ட் பார்த்த ஆபரேட்டரைப் பிடித்தேன். தொட்டிக்குத் தண்ணீரைச் சுத்திகரித்துத் தரும் ஆர்.ஓ. மெஷின் பழுதாம். தொட்டி குறைந்ததும் ஆழ்துளைக் கிணற்றின் போர் தண்ணீரை விட்டு நிரப்பியிருக்கிறார். “தண்ணி தண்ணிதானே மேடம்?” என்றார் வெள்ளந்தியாக.

இரண்டு பாட்டில் எடுத்தேன். ஒன்றில் கேன்டீன் ஆர்.ஓ. தண்ணீர், மற்றதில் போர் தண்ணீர். இரண்டிலும் ஒரே அளவு எண்ணெயை விட்டு, ஒரே மாதிரி குலுக்கி, சூப்பர்வைசர் மேஜையிலேயே வைத்தேன். சாப்பாட்டு நேரத்தில் முதல் பாட்டில் பாலாகவே இருந்தது. இரண்டாவதில் ஏடு கட்டி எண்ணெய் மேலே வந்திருந்தது.

“ஏம்மா இப்படி?” என்றார்.

கல்லூரியில் படித்ததை முதன்முறையாக ஒருவர் என்னிடம் உண்மையான அக்கறையோடு கேட்கிறார். பெருமையில் எனக்குக் குரலே உயர்ந்துவிட்டது. எண்ணெயைச் சிறு துளிகளாக உடைத்தால், அது தண்ணீரைத் தொடும் பரப்பு பெருகும். அந்தப் பரப்பை உண்டாக்க ஆற்றல் செலவாகும். செலவைக் குறைக்கத்தான் துளிகள் மறுபடி ஒன்றுகூடுகின்றன. எண்ணெயோடு வரும் சோப்பு, ஒரு கையால் எண்ணெயையும் மறு கையால் தண்ணீரையும் பிடித்துக்கொண்டு நடுவில் நிற்கும். செலவு குறையும், துளிகளும் ஒன்றையொன்று நெருங்காமல் நெடுநாள் பிரிந்தே இருக்கும்.

“போர் தண்ணியில சோப்பு நுரைக்காது, பாத்திருப்பீங்களே சார்? அதுல இருக்கற சுண்ணாம்பு சோப்பைப் பிடிச்சுக்கும். நடுவுல நிக்க ஆளே இருக்காது.”

இரண்டு பாட்டிலையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு காலையில் எடுத்த படிவத்தை முன்னால் வைத்து, பேனாவைத் திறந்து என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“காரணம்னு என்னம்மா போடறது?”

“கொஞ்சம் நகருங்க சார், நானே எழுதறேன்.”