நோயாளி கேள்வி கேட்கக் கூடாது

1974ஆம் ஆண்டு பிப்ரவரி 11, திங்கட்கிழமை, முற்பகல் பதினொன்று இருபது. காலைப் பனி விலகி வெயில் ஏறியிருந்தது. காற்று இல்லை. அலுவலக வாசலில் சைக்கிளை நிறுத்திய தபால்காரர், என் மனைவியின் பெயருக்கு வந்த பழுப்பு உறையை என்னிடம் கொடுத்தார். பிரித்தேன். அவள் பெயருக்கு வந்ததை நான் பிரித்திருக்கக் கூடாது. செவிலியர் இறுதித் தேர்வு, மருத்துவமும் அறுவையும் சேர்ந்த தாள், நூற்றுக்கு நாற்பத்தொன்று. தேற ஐம்பது வேண்டும். முந்தின தடவை முப்பத்தெட்டு. ஆறு மாதத்தில் மூன்று மதிப்பெண் ஏறியிருக்கிறது, இதே வேகத்தில் போனால் இன்னும் மூன்று தேர்வு, ஒன்றரை வருடம் என்று நின்ற இடத்திலேயே கணக்குப் போட்டேன். ஆனால் அவளுக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு தேர்வு.

எங்கள் கல்யாணத்தின்போதே அவள் பயிற்சியை முடித்திருந்தாள். மற்றத் தாள்கள் எல்லாம் தேறிவிட்டன, இந்த ஒன்று மட்டும் நின்றது. இது தேறினால்தான் செவிலியர் பதிவேட்டில் பெயர் ஏறும். பெயர் ஏறினால்தான் சர்க்கார் ஆஸ்பத்திரியில் வேலை. மூன்றாவது முறையும் தவறினால் விடுதியில் தங்கி ஒரு வருடம் மறுபடியும் பயிற்சி எடுக்க வேண்டும் என்று அவள் படித்த இடத்தில் சொல்லியிருந்தார்கள். கல்யாணமானவர்களை விடுதியில் சேர்ப்பதில்லை. ஆகவே மூன்றாவது தவறினால் அதோடு முடிந்தது. அதுவரை மாயவரம் போகிற சாலையில் ஒரு டாக்டரிடம் ஊசி கொதிக்க வைப்பது, புண் கழுவுவது, மாதம் அறுபது ரூபாய். "இந்தப் பொண்ணு போட்ட கட்டை அவுக்க எனக்கே மனசு வராது" என்பார் அந்த டாக்டர்.

கையில் இருந்தது தாளுக்கு வரவில்லை, அவ்வளவுதான். ஐந்து கேள்வி எழுத வேண்டிய இடத்தில் அவள் மூன்றுதான் எழுதியிருந்தாள். மிச்ச நேரம் என்ன செய்தாய் என்று கேட்டேன்.

"கேள்வியைப் பாத்துக்கிட்டே இருந்தேன்."

"எவ்வளவு நேரம்?"

"அதையும் எண்ணிக்கிட்டு வரச் சொல்றீங்களா?"

நான் எண்ணுகிறவன். படிக்கட்டு, பல்லவன் கட்டிய தூண், பந்தியில் இலை, எதையும் எண்ணாமல் தாண்டியதில்லை. இப்போது எழுபத்தெட்டு வயதில் மாத்திரையை எண்ணுகிறேன். அப்போது அவளுடைய தேர்வை எண்ண ஆரம்பித்தேன். பழைய வினாத்தாள்களிலிருந்து இருநூற்றுப் பன்னிரண்டு கேள்விகளை நோட்டில் எழுதினேன். மூன்று மணி நேரம், ஐந்து கேள்வி, ஒன்றுக்கு முப்பத்தாறு நிமிடம். டைம்பீஸை அவள் முன்னால் வைத்துவிட்டுப் பின்னால் நின்றேன். எழுதியதை நானே திருத்தி மதிப்பெண் போட்டேன். நாற்பத்து நான்கு, நாற்பது, முப்பத்தைந்து, முப்பத்தொன்று. அதற்கு ஒரு பட்டியலும் போட்டுச் சுவரில் ஒட்டினேன்.

"குறைஞ்சுக்கிட்டே வருது" என்றேன்.

"பின்னால நிக்கிறதை நிறுத்துங்க, ஏறுதா பாப்போம்."

நான் நிறுத்தவில்லை. எனக்கு வேறு எங்கும் போய் நிற்க இடம் இல்லை என்பதும் ஒரு காரணம்.

கழக ஆட்சி வந்தபின் குத்தகைக்குச் சாகுபடி செய்கிறவர்களின் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. அந்தப் பதிவேட்டை எழுதுகிற அலுவலகத்தில் நான் எழுத்தர். ஊரில் அறுவடைக்கூலித் தகராறு ஒரு பக்கம், குத்தகைத் தகராறு ஒரு பக்கம். வெளியூர் ஆள் இறக்கி அறுத்த வயல்களில் போலீஸ் நின்றது. நிலத்துக்காரர்களுக்கு நான் அவர்கள் நிலத்தைப் பிடுங்கிக் கொடுக்க வந்தவன். குத்தகைக்காரர்களுக்கு நான் நிலத்துக்காரர்களிடம் கை நீட்டுகிறவன். திருக்கடையூர்ப் பக்கத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரருக்கே எட்டு வேலி நிலமும் மூன்று வழக்கும் இருந்தன. வாடகை வாங்கும்போது மட்டும் பேசுவார். டீக்கடையில் நான் உட்கார்ந்தால் பெஞ்சில் இரண்டு பேர் எழுந்துபோவார்கள். மதியச் சாப்பாட்டுத் தூக்கைத் தனியாகவே திறந்து தனியாகவே மூடினேன். வீட்டுக்கு வந்தால் அவள் புத்தகத்தோடு இருப்பாள். ஒன்றரை வருடக் கல்யாணத்தில் நாங்கள் பேசியதெல்லாம் மதிப்பெண்தான்.

மார்ச் மாதத்தில் ஒரு விசாரணை. ஐம்பத்தைந்து வயதிருக்கும் ஒரு குத்தகைக்காரர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மேசைக்கு முன்னால் நின்றார். முப்பத்திரண்டு வருடச் சாகுபடி, ஆனால் ரசீது ஒன்றும் இல்லை.

"எந்த சர்வே நம்பர்?" என்றார் அதிகாரி.

"மேலமடைக்குத் தெக்கால, பூவரச மரத்தை ஒட்டி ஆறு மா நிலங்க."

"நம்பரைச் சொல்லுய்யா."

"நம்பரு நிலத்துக்காரருக்குத்தானுங்களே. எனக்கு வயலு."

எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்தார். அதிகாரி இன்னும் இரண்டு முறை கேட்டார். அந்த மனிதர் மேசையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "சாகுபடி நிரூபிக்கப்படவில்லை" என்று அதிகாரி சொல்ல நான் எழுதினேன். முப்பத்திரண்டு வருடம் இரண்டு சொல்லில் முடிந்தது என்று அப்போதும் எண்ணினேன்.

அன்று மாலை இதை அவளிடம் சொன்னேன். வேடிக்கையாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"அவரை வயல்ல நிறுத்திக் கேட்டீங்களா?"

"விசாரணை ஆபீஸ்லதான். வயல்ல போய்க் கேக்கிற வழக்கமில்லை."

"அப்ப அவரும் பெயிலு" என்று சொல்லிவிட்டு எழுந்துபோனாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குக் கட்டிலில் விரிப்பை மாற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"சட்டையைக் கழட்டிட்டுப் படுங்க."

"எனக்கென்ன?"

"குடலிறக்கம். நேத்து ஆபரேஷன் ஆச்சு."

"எத்தனை மணிக்கு?"

"நோயாளி கேள்வி கேக்கக் கூடாது. நான் கேட்டா மட்டும் பதில் சொல்லணும். டைம்பீஸைத் திரும்பிப் பாக்கக் கூடாது."

படுத்தேன். அவள் பக்கத்தில் நின்று நாடி பார்த்தாள். முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தாள். ஒவ்வொன்றையும் ஏன் செய்கிறாள் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்தாள். இருமும்போது கையால் தையலைத் தாங்கிக்குங்க என்றாள். அரை மணி நேரம் தடுமாற்றமே இல்லை. பிறகு கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து, என்னைப் பார்த்துப் பார்த்து, செய்ததை அப்படியே எழுதினாள். திருத்தித் தருகிறேன் என்று கை நீட்டினேன். "நீங்க மயக்கத்துல இருக்கீங்க" என்று நோட்டை மூடிவிட்டாள். சுவரில் இருந்த பட்டியலை மறுநாள் காணவில்லை.

அன்றிலிருந்து ஆகஸ்டு வரை தொண்ணூற்று நான்கு தடவை படுத்தேன். முப்பத்தேழு நோய்கள் வந்துபோயின. டைபாய்டு நான்கு முறை, பாம்புக்கடி இரண்டு முறை, தொடை எலும்பு முறிவு ஒரு முறை. அதில் மட்டும் செங்கல்லைக் காலில் கட்டித் தொங்கவிட்டு அரை மணி நேரம் மறந்துவிட்டாள். ஒரு நாள் சலைன் நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று அவள் விரல் மடக்கிக்கொண்டிருந்தபோது, எனக்குப் பொறுக்காமல் விடையைச் சொல்லிவிட்டேன்.

"நோயாளி செத்துட்டாரு" என்றாள். "முதல்லேருந்து."

வலிக்குதா, தண்ணி வேணுமா, இந்தப் பக்கம் மெதுவாத் திரும்புங்க, பயப்படாதீங்க, நான் இங்கதான் இருக்கேன். இவ்வளவும் ஒரே மாலையில் என்னிடம் சொல்லுவாள். நெற்றியில் கை வைத்துப் பார்ப்பாள். அது எனக்கில்லை, வினாத்தாளுக்கு என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஐந்தே முக்காலுக்கே சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுக் காத்திருப்பேன்.

எங்களுக்கும் வீட்டுக்காரருக்கும் நடுவே ஒரு சுவர்தான். வீட்டுக்காரர் மனைவி கிணற்றடியில் அவளைப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, உன் வீட்டுக்காரருக்கு என்ன நோவு? தெனமும் வலிக்குதா வலிக்குதான்னு கேக்கிறியே. டாக்டர்கிட்டதானே வேலை பாக்குற, காட்டப்படாதா?" பேச்சு நான்கு நாளில் ஊரைச் சுற்றிவிட்டது. அதற்குப் பிறகு என் வீட்டுக்கு ஒருவர் வந்தார். அந்த ஊரில் என்னைப் பார்க்க என்று வந்த முதல் ஆள். விசாரணையில் தோற்ற அதே குத்தகைக்காரர், கையில் இரண்டு இளநீர்.

"ஐயாவுக்கு முடியலன்னாங்க."

எனக்கு ஒன்றும் இல்லை, அவள் பரீட்சைக்குப் படிக்கிறாள் என்று சொன்னேன். இளநீரைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுவாரோ என்று ஒரு கணம் பயமாக இருந்தது.

"ஐயா நல்லா இருந்தாத்தானே நான் அப்பீலு போடும்போது தாளைத் தேடி எடுத்துக் குடுப்பீங்க" என்றார். உள்ளே எட்டிப் பார்த்து, "அம்மா ரெண்டு தடவ போச்சாமே. நமக்கு ஒண்ணுதான் போயிருக்கு" என்றார். அவள் வாசலுக்கு வந்து சிரித்தாள். ஒரு துண்டுத் தாளில் அவருடைய சர்வே நம்பரை எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னேன். அவர் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "அம்மாவுக்கும் இப்படித்தான் எழுதிக் குடுத்தீங்களாக்கும்" என்றார்.

தேர்வு ஆகஸ்டு 12, தஞ்சாவூரில். முதல் நாளே போய் உடன் படித்த ஒருத்தியின் வீட்டில் தங்குவதாக ஏற்பாடு. நான் வரக் கூடாது என்று சொல்லிவிட்டாள். "நீங்க வாசல்ல நின்னா எனக்கு முதுகு கூசும்." ஞாயிறு மதியம் பஸ் ஏற்றிவிட்டேன். அறுபதாம் கல்யாணம் முடித்துக் கழுத்தில் மாலையோடு திரும்பும் ஜோடிகள் மூன்று அந்தப் பஸ்ஸில் இருந்தன. அவர்களுக்கு நடுவே அவள் நோட்டை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

திங்களன்று விடுப்பு எடுத்திருந்தேன். காலை பத்து மணிக்குச் சட்டையைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் படுத்தேன். டைம்பீஸைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. இடது பக்கம் திரும்பினேன், வலது பக்கம் திரும்பினேன், கேட்க யாரும் இல்லாவிட்டாலும் வலிக்கவில்லை என்று சொன்னேன். ஒரு மணி ஆகிவிட்டது என்று பள்ளிக்கூட மணியை வைத்துத் தெரிந்துகொண்டு எழுந்தேன்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே வந்துவிட்டாள். நான் கேட்கவில்லை. என் வாழ்க்கையில் மிகக் கஷ்டப்பட்டுச் செய்த காரியங்களில் அது ஒன்று. கால் கழுவினாள், தண்ணீர் குடித்தாள், பிறகு தானாகவே சொன்னாள்.

"அஞ்சும் எழுதிட்டேன். உங்களை டெஸ்க்கு மேல படுக்க வச்சிட்டேன். நடுவுல நீங்க ஏதோ கேக்க வாயைத் திறந்தீங்க. அதட்டினேன். பக்கத்துல இருந்த பொண்ணு திரும்பிப் பாத்துச்சு."

ஐம்பத்தேழு வாங்கினாள். இந்தத் தடவை உறையை நான் பிரிக்கவில்லை. அவள் பிரித்து, படித்து, என் கையில் கொடுத்தாள். அடுத்த நாள் மாலை ஆறு மணிக்குக் கட்டிலில் உட்கார்ந்தேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "என்ன உடம்பு முடியலையா?" என்று அங்கிருந்தே கேட்டாள். ஒன்றும் இல்லை என்றேன்.

அடுத்த வருடம் மே மாதக் கடைசியில் நியமன உத்தரவு வந்தது. தர்மபுரிக்கு அப்பால், மலையடிவாரத்தில் ஒரு சிறிய ஆஸ்பத்திரி. இரண்டு பஸ்ஸும் ஒரு ரயிலும் மாறி ஒரு பகலும் ஓர் இரவும் போக வேண்டும். என் வேலையை விட்டு நான் போக முடியாது, மாற்றல் கேட்டால் பதிவேடு முடியட்டும் என்பார்கள்.

"வேண்டாம்னு எழுதிடவா?" என்றாள்.

நான் தாளை எடுத்துச் சம்பளம், பஞ்சப்படி, அங்கே தனிச் சாப்பாட்டுச் செலவு, பஸ் கட்டணம் எல்லாவற்றையும் எழுதிக் கூட்டிக் கழித்தேன். அவள் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கணக்குப்படி போறதுதான் சரி" என்றேன்.

"கணக்குப்படி சரி. உங்களுக்கு?"

"எனக்கென்ன" என்றேன்.

 அவள் கேட்டது நோயாளியிடம் இல்லை, என்னிடம் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. அவள் எழுந்து பெட்டியை இறக்கினாள்.

1975 ஜூன் 9 காலையில் போனாள். நாகப்பட்டினத்துக்கு மாற்றல் கிடைத்து 1979 செப்டம்பர் 22 அன்று திரும்பி வந்தாள். மொத்தம் ஆயிரத்து ஐந்நூற்று அறுபத்தாறு நாட்கள். அதில் அவள் விடுப்பில் வந்ததும் நான் அங்கே போய்த் தங்கியதுமாக நூற்று முப்பத்தெட்டைக் கழித்துவிடலாம். மிச்சம் ஆயிரத்து நானூற்று இருபத்தெட்டு.