நடத்தை: திருப்தி

ஒரு பெண்ணின் மாற்றுச் சான்றிதழில், நடத்தை என்ற கட்டத்தில், எழுதக் கூடாத ஒரு சொல்லை எழுதினேன். தெரிந்தே எழுதினேன். அகராதியில் அந்தச் சொல்லுக்கு ஒரு குறையும் கிடையாது. அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன்.

புதுச்சேரியில் ஒரு தனியார் பள்ளியில் ஆங்கில ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பன்னிரண்டாம் வகுப்புக்கு 'குட்' என்ற ஒரே சொல்லை ஒரு பீரியட் முழுக்க நடத்துவேன். பிள்ளைகள் எதை எழுதச் சொன்னாலும் குட் என்றே எழுதுவார்கள். குட் சாப்பாடு, குட் மழை, குட் அம்மா. சாப்பாட்டுக்கு டேஸ்டி, அம்மாவுக்கு கைண்ட் என்று பிரித்துக் கொடுப்பேன். பிறகு கரும்பலகையில் ஓர் ஏணி வரைவேன். உச்சியில் எக்ஸலண்ட், அடுத்து வெரி குட், அடுத்து குட், அதற்குக் கீழே ஃபேர், கடைசிப் படியில் சாட்டிஸ்ஃபேக்டரி. திருப்தி, போதும், அதற்கு மேல் பாராட்ட ஒன்றுமில்லை என்று விளக்குவேன்.

காலாப்பட்டுக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வந்து படித்த பெண் ஒருத்தி எழுந்தாள். அவள் அப்பாவுக்கு விவசாயம்.

"போதும்னு சொல்ற அளவுக்கு வூட்டுல சோறு இருந்தாலே அது எக்ஸலண்ட்தான் சார்."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அன்று எனக்கு அவளைப் பிடித்திருந்தது.

அந்த ஆண்டு ஆசிரியர் தினத்தில் அவள் என்னைப் போலப் பேசிக் காட்டினாள். காலரில் கைக்குட்டை, கையில் சாக்பீஸ் டப்பா. "குஉட்... வெரி குஉட்..." என்று நான் இழுக்கிற இழுப்பு அப்படியே வந்தது. நான் அப்படி இழுக்கிறேன் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். பிள்ளைகள் சிரித்ததை நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். முன்வரிசையில் தலைமையாசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நான் கை தட்டினேன். அதன் பிறகு வகுப்பில் அந்தச் சொல்லைச் சொல்லவே வரவில்லை.

கோடை விடுமுறையில் சான்றிதழ்கள் என் மேசைக்கு வந்தன. கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால் அவற்றை எழுதுகிற வேலை எப்போதும் எனக்குத்தான். நடத்தைக் கட்டத்தில் எல்லோருக்கும் குட். ஜன்னலை உடைத்தவனுக்கும் குட், பரீட்சையில் பிட் அடித்தவனுக்கும் குட். எங்கள் ஊர்ப் பள்ளிகளில் அதுதான் வழக்கம். வெளியே சொல்ல முடியாத எதையாவது செய்துவிட்ட பிள்ளைக்கு மட்டும் சாட்டிஸ்ஃபேக்டரி என்று எழுதுவார்கள். இதை யாரும் எங்கும் எழுதி வைத்ததில்லை. ஆனால் சேர்க்கை நடத்துகிற எல்லோருக்கும் தெரியும். பெண் பிள்ளைக்கு அப்படி எழுதினால் என்ன நினைப்பார்கள் என்பதும் தெரியும். அவள் பெயர் வந்தபோது அதைத்தான் எழுதினேன். அடுத்த சான்றிதழை எடுத்தேன்.

சில வாரங்கள் கழித்து அவள் அப்பா ஆசிரியர் அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நர்சிங் சேக்கப் போனோம் சார். இந்த எழுத்தப் பாத்துட்டு பொண்ணு என்னா பண்ணிச்சுன்னு கேக்கறாங்க. எடம் இல்லன்னு சொல்லிட்டாங்க. அது ஒண்ணும் பண்ணலன்னு அழுவுது. நீங்க சொல்லுங்க. நான் அடிக்க மாட்டேன் சார்."

அப்போது ஒரே ஒரு சொல்லை அடித்து எழுதியிருக்கலாம். நான் அலமாரியிலிருந்து அகராதியை எடுத்தேன். பக்கத்தைப் புரட்டி விரலை வைத்தேன்.

"பாருங்கய்யா. திருப்திகரம்னு போட்டிருக்கு. நல்ல வார்த்தைதான்."

அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நீங்க சொல்ல மாட்டீங்க" என்றார். பெண்ணின் மானத்தைக் காப்பாற்றத்தான் நான் மறைக்கிறேன் என்று எடுத்துக்கொண்டுவிட்டார் என்பது எனக்குப் புரிந்தது. புரிந்தும் அகராதியை மூடி வைத்தேன். எதிரே இருந்த பிரெஞ்சு ஆசிரியர் செய்தித்தாளை மடித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். அவள் மேலே படிக்கவில்லை. அடுத்த தை மாதம் கல்யாணம் என்று கேள்விப்பட்டேன்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் பெரிய மார்க்கெட் பக்கத்து மருந்துக்கடையில் ரத்த அழுத்த மாத்திரை கேட்டேன். எடுத்துக் கொடுத்தது அவள். "நல்லா இருக்கீங்களா சார்?" என்றாள். மறுமாதத்திலிருந்து வேறு கடைக்குப் போனேன். மூட்டு வலி வந்தபின் அவ்வளவு தூரம் நடக்க முடியவில்லை. திரும்ப அவள் கடைக்கே வந்தேன். மனசாட்சி கொண்டுவந்து விட்டது என்று எழுத ஆசைதான். கொண்டுவந்தது முழங்கால்.

கூட்டம் இல்லாத ஒரு மதியம் சொன்னேன். "உன் சான்றிதழ்ல நான் எழுதினது..."

"தெரியும் சார். ஆசிரியர் தினம்தானே? அன்னைக்கே பொண்ணுங்க சொல்லிச்சுங்க, வாத்தியார் மூஞ்சி செத்துப் போச்சுடின்னு."

"உங்கப்பாகிட்ட நீ சொல்லலியா?"

"சொன்னேன். வாத்தியாரு பொய் எழுதுவாரான்னு கேட்டாரு. அதோட பேச்சு கொறஞ்சிடுச்சு. இப்பவும் வூட்டுக்குப் போனா வான்னு சொல்லுவாரு, அவ்ளோதான்."

பள்ளியில் பேசி வேறு சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்றேன்.

"அத வச்சு நான் என்னா பண்றது? என் பொண்ணே ஆறாவது படிக்குது." மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே சொன்னாள். "எங்கப்பாகிட்ட சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவாரு."

அந்த வாரமே பஸ் ஏறினேன். அவர் வாசலில் வேர்க்கடலை காயவைத்துக்கொண்டிருந்தார்; எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம். நாற்காலி கொண்டுவரச் சொன்னார். உட்காராமல், நின்றுகொண்டே சொன்னேன்.

"உங்க பொண்ணு ஒரு தப்பும் பண்ணல. நான் கோவத்துல எழுதிட்டேன்."

"என்னா கோவம்?"

"என்னை மாதிரி பேசிக் காட்டினா. எல்லாரும் சிரிச்சாங்க."

"அதுக்கா?"

"அதுக்குத்தான்."

கையில் ஒட்டியிருந்த மண்ணை வேட்டியில் துடைத்தார். பிறகு லேசாகச் சிரித்து, என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "இந்த வயசுல இவ்ளோ தூரம் வந்தீங்களே சார்" என்றார். கண் கலங்கியிருந்தது. புறப்படும்போது ஒரு பை நிறைய மல்லாட்டை கொடுத்தார். பஸ்ஸில் அதை மடியில் வைத்திருந்தேன். பாரம் இறங்கியது என்று சொல்வார்களே, அப்படி எதுவும் தெரியவில்லை. பை கனமாக இருந்தது, அவ்வளவுதான்.

அடுத்த முறை கடைக்குப் போனபோது அவளே ஆரம்பித்தாள்.

"அப்பா போன் பண்ணாரு சார்."

"பேசினாரா?"

"உங்களப் பத்திதான் பேசினாரு. வாத்தியாரு தெய்வம் மாதிரி, நீ பண்ண தப்ப தன் மேல போட்டுக்கினு வூட்டுக்கே வந்துட்டாரு, இனிமேவாவது ஒழுங்கா இருன்னு சொன்னாரு. ஊருலயும் சொல்லிக்கினு இருக்காராம்."

மறுபடி போய்ச் சொல்கிறேன் என்றேன். "வாணாம் சார், இன்னும் பெரிய மனுஷன் ஆயிடுவீங்க" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாத்திரையைக் காகித உறையில் போட்டு, அதன் மேல் 'காலை' என்று எழுதி என்னிடம் நீட்டினாள்.